ஏழு விநாடிக் கூப்பாடு

சுங்கைவேயில் டேப் ரிக்கார்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் புஷ்பவல்லி பதினொரு வருஷமாக டெஸ்டிங் மேசையில் இருந்தார். நாளைக்கு நாற்பது பெட்டி என்று வைத்துக்கொண்டாலும், லட்சத்துக்கு மேல் அவர் காதைத் தாண்டித்தான் கடைக்குப் போயிருக்கும். சோதனைக் கேசட்டைப் போடுவார், பத்து விநாடி கேட்பார். ஓட்டம் கொஞ்சம் இழுத்தாலும் சிவப்புச் சீட்டை ஒட்டித் தள்ளிவிடுவார். மீட்டர் சரியாகத்தானே காட்டுகிறது என்று ஒருநாள் சூப்பர்வைசர் வாதாடிப் பார்த்தார். "அப்ப மீட்டரையே உக்கார வைங்க பாஸ், நான் வீட்டுக்குப் போறேன்" என்றார் புஷ்பவல்லி. பெட்டியைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ரப்பர் பெல்ட் தொளதொளவென்று கிடந்தது. அதற்குப் பிறகு அந்த மேசைக்கு வாதாட யாரும் வரவில்லை.

பேப்பரில் படம் வருகிற ஆள் இல்லை அவர். கிள்ளான் காப்பார் ரோட்டில் தாமான் என்கிற ஒரு குடியிருப்பில் இரண்டு அறை வீடு. இருட்டு பிரிவதற்குள் தொழிற்சாலை பஸ். ஞாயிற்றுக்கிழமை பாசாரில் காய்கறி, கோயில், துணி துவைப்பு. அந்தத் தெருவில் அவரைப் பற்றிப் பேச்சு எடுத்தால் எல்லாரும் சொல்வது 1984இல் அவர் கேசட் போட்டு மான் கூப்பிட்ட கதையைத்தான். ஆளுக்கு ஆள் ஒரு மாதிரி சொல்வார்கள், மானின் எடையையும் கூட்டிக்கொண்டே போவார்கள். ஒழுங்காகச் சொல்ல வேண்டுமென்றால் அவருடைய வீட்டுக்காரரிலிருந்து தொடங்க வேண்டும்.

வீட்டுக்காரர் தம்புசாமிக்குத் துறைமுகக் கிடங்கு ஒன்றில் வாசல் காவல் வேலை. லோரி வந்தால் ஓட்டுநரிடம் பெயர் கேட்டு, நம்பர் எழுதி, தடுப்பைத் தூக்கிவிட வேண்டும். வாரத்தில் ஆறு நாள் இந்த அலுப்புப் பிடித்த வேலை. ஏழாவது நாள் அவர் வேறு ஆள். அப்பா விட்டுப்போன ஒற்றைக்குழல் துப்பாக்கியை லைசன்ஸோடு பத்திரமாக வைத்திருந்தார். வருஷத்தில் பாதி நாள் அது அலமாரியில் தூங்கும். ஆகஸ்டு பிறந்து வெயில் காய்ந்து, மழை தொடங்குவதற்கு முந்தின சில வாரங்கள் வந்துவிட்டால் மனுஷனைப் பிடித்து வைக்க முடியாது. ஊலு லங்காட் மலையடிவாரத்தில் காட்டுப் பழம் உதிர்கிற காலம் அது. அதைத் தின்ன கீஜாங் இறங்கி வரும்.

கீஜாங் நாய் மாதிரி குரைக்கிற சின்ன மான். மகா உஷார். துரத்திப் போனால் வாலைக்கூடப் பார்க்க முடியாது. கூப்பிட்டால்தான் வரும். தம்புசாமி ஓர் இளம் இலையை மடித்து இரண்டு உதட்டுக்கும் நடுவில் வைத்து ஊதினால், தாயைத் தேடும் குட்டியின் குரல் அச்சு அசலாக வரும். அதைக் கேட்டுப் பெட்டை வரும். பெட்டையின் பின்னால் கிடாவும் வரும். பெட்டையை அவர் சுட்டதே இல்லை. கொம்பைக் கண்ணால் பார்க்காமல் அவர் விரல் விசைக்குப் போகாது. கூட வேட்டைக்குப் போகிறவர்கள் இரண்டு பேர். லோரி ஓட்டும் வேலாயுதம் ஒருவர். ரயில்வே ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற, பிரிக்பீல்ட்ஸில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்துக் கந்தையா இன்னொருவர். ஜீப் கந்தையாவுடையது. இரண்டு பேரிடமும் துப்பாக்கி உண்டு, இலையில் ஊதத்தான் வராது. ஊதிப் பார்த்தார்கள். வந்த சத்தத்துக்குக் காட்டில் ஒரு பூச்சியும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த வருஷம் பிப்ரவரியில் ஒருநாள் காலை, தம்புசாமி குடித்த தேத்தண்ணி வாயின் இடது ஓரமாகச் சட்டையில் ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் முகத்தின் இடது பக்கம் முழுக்கத் தொங்கிக் கிடந்தது. கண் மூடவில்லை, உதடு அசையவில்லை. முகவாதம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். கை காலுக்கு ஒன்றுமில்லை, மூன்று மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று மாதம் போனது, இன்னும் ஒரு மாதமும் போனது. கண் கொஞ்சம் தேறியது. உதடு அப்படியே நின்றுவிட்டது.

ஆரம்பத்தில் வேலைக்குப் போய்த்தான் பார்த்தார். கேட்டில் நின்று பேசினால் வார்த்தை காற்றோடு கலந்து வந்தது. ஒரு லோரிக்காரன் அவர் பேசுவதை அவருக்கே திருப்பிப் பேசிக் காட்டினான். வரிசையில் நின்ற மற்றவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவர் ஒரு துண்டை எடுத்து மூக்குக்குக் கீழே சுற்றிக்கொண்டு அறைக்குள் போனார். பிறகு தெருவாசலைத் தாண்டவில்லை. யார் வந்தாலும் முகம் காட்டவில்லை. வீட்டுக்குள்ளும் தலையாட்டல், கையசைப்பு, அவ்வளவுதான். வேலாயுதம் நான்கு முறை வந்து, சாத்திய கதவோடு பேசிவிட்டுப் போனார்.

செப்டம்பர் முதல் வாரத்துக்குள் வேலைக்கு வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவோம் என்று கிடங்கிலிருந்து கடிதம் வந்தது. புஷ்பவல்லிக்கு வேலை போவதில்கூட பயமில்லை. தன் சம்பளத்தில் சமாளித்துவிடுவார். பயமெல்லாம் அந்த அறையைப் பார்த்துத்தான். நாளுக்கு நாள் அதற்குள் இருக்கிற மனுஷன் குறைந்துகொண்டே வந்தார். காட்டையே வாயால் ஆட்டிவைத்த ஆள், கொல்லையில் காக்கை கத்தினாலும் போர்வையை இழுத்துக்கொண்டார். இந்த ஆகஸ்டில் இவரைக் காட்டுக்குக் கிளப்பாவிட்டால் இனி எப்போதும் கிளப்ப முடியாது என்று புஷ்பவல்லிக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஆனால் வாய் இல்லாமல் மானை எப்படிக் கூப்பிடுவது? டெஸ்டிங் மேசையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால், தன் தம்பியின் கல்யாணத்தில், முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் இருந்தது என்று மாப்பிள்ளையின் கூட்டாளிகள் தம்புசாமியிடம் மைக்கைக் கொடுத்து, "மாமா, மான் கூப்பிட்டுக் காட்டுங்க" என்று பிடித்துக்கொண்டார்கள். அலங்காரத் தோரணத்திலிருந்தே ஓர் இலையைக் கிள்ளி மூன்று முறை ஊதினார். மண்டபமே வாயடைத்துப் போனது. அந்தக் கல்யாணத்தை மைக்செட்காரர் முழுக்கக் கேசட்டில் பிடித்திருந்தார்.

யோசனை வந்த அன்று சாயங்காலமே புஷ்பவல்லி செந்தூலுக்குத் தம்பி வீட்டுக்குப் போனார். கேசட் இருந்தது. போட்டால் சினிமாப் பாட்டு ஓடியது. தம்பி பெண்டாட்டி சீதாலெட்சுமி அதன்மேல் ரேடியோவிலிருந்து பாட்டுப் பிடித்து வைத்திருந்தாள். "கல்யாணத்துல என்னா அண்ணி இருக்கு, ஒரே சத்தம்" என்றாள். புஷ்பவல்லிக்கு வந்த கோபத்தை இங்கே எழுதினால் காகிதம் கருகிவிடும். அந்த மைக்செட்காரரை விசாரிக்க, கந்தையா வீட்டைத் தேடிப் பிரிக்பீல்ட்ஸுக்கு பஸ் ஏறினார்.

"மைக்செட் ராதாகிருஷ்ணனோ? அவன் இஞ்சைதான், ரெண்டு தெரு தள்ளி இருக்கிறான்" என்றார் கந்தையா. "ஆனால் பிள்ளை, எட்டு வருசத்துக்கு முந்தின கேசட்டை ஆர் வைச்சிருப்பினம்?"

ராதாகிருஷ்ணன் வைத்திருந்தார். பிடித்த எல்லாக் கல்யாணத்துக்கும் மூலக் கேசட்டைப் பிஸ்கட் டின்களில் போட்டு அடுக்கியிருந்தார். பேர் மட்டும் எழுதவில்லை. கல்யாணம் முடிந்து சண்டை வந்தால் சாட்சிக்கு ஆகும் என்று வைத்திருப்பதாகச் சொன்னார். மூன்று ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஊரார் வீட்டுக் கல்யாணங்களையெல்லாம் கேட்டு, அறுபத்தெட்டாவது கேசட்டில் புஷ்பவல்லி தன் தம்பியின் பெயர் வாசிக்கப்படுவதைப் பிடித்தார்.

முதல் கூப்பாட்டில் பின்னால் ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. இரண்டாவதில் யாரோ, "சாம்பார் வாளிய இங்கிட்டுக் கொண்டா" என்று கத்தினார்கள். மூன்றாவதில் மண்டபம் அமைதியாகியிருந்தது. சுத்தமான ஏழு விநாடி. அது முடிந்த கையோடு கெட்டிமேளம் பிடித்துக்கொண்டது. அந்த ஏழு விநாடியைக் கேட்டுவிட்டுப் புஷ்பவல்லி எழுந்து தெருவுக்கு வந்து சிறிது நேரம் நின்றார். உதடு நன்றாக இருந்த மனுஷனின் மூச்சு அதில் இருந்தது.

கேசட்டுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், காட்டில் போட்டுப் பார்க்கச் சொல்லி ஒரு டேப் ரிக்கார்டரோடு வேலாயுதத்திடம் கொடுத்தனுப்பினார். ஏழு எண்ணியதும் பட்டனை அமுக்கி நிறுத்த வேண்டும் என்று பத்துத் தடவை சொன்னார். அடுத்த ஞாயிறு மத்தியானம் வேலாயுதம் வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வந்துச்சு அண்ணி! சத்தியமா வந்துச்சு. செடிக்கு நடுவுல ரெண்டு காலு தெரியுது. நான் காலையே பார்த்துக்கிட்டு இருந்துட்டேன் லா, பட்டன மறந்துட்டேன். போட்டான் பாருங்க கெட்டிமேளம்! நாயனம், தவில், அத்தனையும் காட்டுக்குள்ள! மானு எந்தப் பக்கம் போச்சுன்னே தெரியல. கந்தையா ஐயா பயத்துல தொப்பிய விட்டுட்டு ஓடிட்டாரு."

புஷ்பவல்லி சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது தம்பி. கை மறந்தாலும் கெடாத மாதிரி நான்தான் செஞ்சு கொடுத்திருக்கணும்" என்றார். பதினொரு வருஷம் பிறர் தப்பைக் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர், தன் தப்பைத் தன் வாயால் சொல்ல ஒரு நொடிகூட எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஒரு குணத்துக்கே அவரைக் கும்பிடலாம்.

அப்போது அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் தம்புசாமி சிரித்துக்கொண்டிருந்தார். துண்டை வாயில் அழுத்திக்கொண்டும் அடக்க முடியவில்லை. ஐந்து மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு.

புஷ்பவல்லி சும்மா இருப்பாரா? தொழிற்சாலையில் சிவப்புச் சீட்டு ஒட்டி மூலையில் கிடந்த இரட்டைக் கேசட் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்து, பெல்ட்டை மாற்றி, நாடா உரசிப் போகும் ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்துச் சரிசெய்தார். ஒரு பக்கம் கல்யாணக் கேசட், இன்னொரு பக்கம் வெறும் கேசட். மூன்றாவது கூப்பாட்டை மட்டும் எடுத்து, திரும்பத் திரும்ப, ஒரு விநாடி இடைவெளி விட்டு, அறுபது தடவை பதித்தார். சாம்பார் இல்லை, மேளம் இல்லை. அவர் கணக்கில் அது முதல் தரம். கூடத்தில் வைத்து ஓடவிட்டார்.

பத்தாவது கூப்பாட்டில் அறைக்கதவு படாரென்று திறந்தது. தம்புசாமி வந்து பட்டனை அடித்து நிறுத்தினார். துண்டுக்கு மேலே கண் இரண்டும் கோபத்தில் சிவந்திருந்தன.

"எதுக்கு இத்தன கத்தல்?" என்றார். வார்த்தை குழறி வந்தது. "குட்டி அழுதா நின்னு கேக்கும். தாய் எங்கன்னு கேக்கும். கேட்டுட்டுத்தான் அடுத்தது."

ஐந்து மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசியது அதுதான். புஷ்பவல்லி சந்தோஷத்தை முகத்தில் காட்டவில்லை. காட்டினால் மனுஷன் மறுபடி உள்ளே போய்விடுவார் என்று தெரியும். வெறும் கேசட்டைத் தூக்கி மேசையில் வைத்து, "எனக்கு என்னா தெரியும்? தெரிஞ்சவங்க உக்காந்து சொல்லணும்" என்றார்.

உட்கார்ந்தார். அன்றிலிருந்து மூன்று வாரம் அந்த வீட்டுக் கூடத்தில் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. அதில் ஒருவர் குரல்தான் வெளியே வந்தது. இன்னொருவர் கையாலேயே சண்டை போட்டார். புஷ்பவல்லிக்கு எல்லா இடைவெளியும் ஒரே அளவாக இருந்தால்தான் திருப்தி. தம்புசாமி தலையை வேகமாக ஆட்டி மறுத்தார். ஒரே அளவு வைத்தால் மான் கண்டுகொள்ளும். முதல் கூப்பாட்டுக்குப் பிறகு நீண்ட அமைதி வேண்டும். பிறகு பசி கூடின குட்டி மாதிரி இரண்டு, கிட்டத்தில். பிறகு பயந்துபோய் வாயை மூடிக்கொண்ட மாதிரி நீண்டதொரு அமைதி. அவர் விரலை உயர்த்தினால் பதிவு, மடக்கினால் நிறுத்தம். புஷ்பவல்லியின் கட்டைவிரல் பட்டனிலேயே கிடந்தது. கடைசியில் அரைமணி நேரக் கேசட்டில் பதினொரு கூப்பாடுதான் இருந்தது. மீதி முழுக்க அமைதி. இவ்வளவு வெறுமையை இவ்வளவு கவனமாகப் பதிந்த கேசட் வேறு இருக்காது என்று தன் டெஸ்டிங் மேசைத் தோழிகளிடம் அவர் சொல்லிச் சிரித்தார்.

ஸ்பீக்கரையும் புஷ்பவல்லிதான் யோசித்தார். தம்புசாமி வாயால் ஊதியபோது, வருகிற மான் நேரே அவரைப் பார்த்துக்கொண்டுதான் வரும். இமைத்தால் போச்சு. சத்தம் ஓரிடத்திலும் ஆள் ஓரிடத்திலும் இருந்தால் மான் சத்தத்தைத்தானே பார்க்கும்? பழைய காரின் கதவிலிருந்த ஸ்பீக்கரைப் பால்மாவு டின்னுக்குள் பொருத்தி, இருபது மீட்டர் வயரை இழுத்தார். கந்தையா வந்து பார்த்துவிட்டு, "பிள்ளை, நீ எங்கடை ரயில்வேயிலை இருந்திருக்க வேணும். சிக்னல் ஒருநாளும் பழுதாகியிராது" என்றார்.

ஆனால் யார் அதைக் காட்டுக்கு எடுத்துப் போவது? வேலாயுதத்திடம் கொடுக்க இனி புஷ்பவல்லி தயாரில்லை. தானே வருவதாகச் சொன்னார்.

"பொம்பள வந்தா மானு வராது அண்ணி" என்றார் வேலாயுதம்.

"நீங்க ஆம்பளதானே போனீங்க? மானு கெட்டிமேளம் கேட்டுட்டுத்தானே போச்சு?"

தம்புசாமி வருவாரா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் புஷ்பவல்லி வேலைவிட்டு வந்தபோது அலமாரி திறந்திருந்தது. தம்புசாமி தரையில் காகிதம் விரித்துத் துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் பார்க்காதவர் மாதிரி புஷ்பவல்லி அடுக்களைக்குப் போய்விட்டார்.

ஆகஸ்டு மாதத்தின் கடைசி ஞாயிறு. ஜீப் ஊலு லங்காட்டில் இறக்கிவிட்டபோது கிழக்கு வெளுத்துவிட்டது. வேலாயுதமும் கந்தையாவும் சரிவின் மறுபக்கம் போய் உட்கார்ந்தார்கள். புஷ்பவல்லி டின்னை ஒரு விழுந்த மரத்தடியில் வைத்து, இலை மூடி, வயரை இழுத்துக்கொண்டு வந்து பெட்டியோடு புதருக்குள் குந்தினார். பக்கத்தில் தம்புசாமி. இடது கண் இன்னும் முழுக்க மூடாது. குறிபார்க்க அது இடைஞ்சல். சற்று யோசித்துவிட்டு வாயைச் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து, இடது கண்ணை மறைத்துத் தலையில் இறுக்கிக் கட்டினார். ஆறு மாதமாக மூடிவைத்த வாய் வெளிச்சத்துக்கு வந்தது. புஷ்பவல்லி பார்வையைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு பட்டனை அமுக்கினார்.

முதல் கூப்பாடு போய்ச் சரிவில் தேய்ந்தது. அமைதி. பிறகு இரண்டு. மறுபடி அமைதி. ஒரு பெட்டை வந்தது. காலை எடுத்து எடுத்து வைத்து, டின் இருந்த மரத்தடிக்கே வந்து, இலையை மூக்கால் தள்ளியது. குட்டியைத் தேடுகிறது என்று புரிந்தபோது புஷ்பவல்லிக்குப் பொறுக்கவில்லை. கேட்காமலே நிறுத்திவிட்டார். வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் துப்பாக்கியைத் தூக்கவே இல்லை. நீ செய்ததுதான் சரி என்று தலையை மட்டும் அசைத்தார். பெட்டை கொஞ்சநேரம் நின்று, வந்த வழியே போனது.

அது மறைந்த பக்கத்திலிருந்து சற்றைக்கெல்லாம் குரைப்பு கேட்டது. தடித்த குரல். கிடா. ஒரே இடத்தில் நின்று குரைத்தது, இறங்கவில்லை. தம்புசாமி விரலை உயர்த்தினார். புஷ்பவல்லி பட்டனை அமுக்கிய கணமே காதில் உறைத்துவிட்டது. உள்ளே நாடா இழுபடுகிறது. விடியற்காலை ஈரத்தில் பெல்ட் வழுக்கி, சுற்றி எடுக்க வேண்டிய சக்கரம் நின்றுவிட்டது. இன்னும் சில விநாடியில் நாடா கழன்று உள்ளே சிக்கிக்கொள்ளும். ஒரு லட்சம் பெட்டி கேட்ட காது அது. மூடியைத் திறந்து, சுண்டுவிரலை அந்தச் சக்கரத்தின் பல்லில் வைத்து, ஓடுகிற வேகத்துக்கு ஒத்துத் தானே சுற்றத் தொடங்கினார். கூடினால் நாடா இழுபட்டுச் சத்தம் மாறும், குறைந்தால் சிக்கும். இரண்டும் நடக்கவில்லை. கூப்பாடு முழுசாக வந்தது. அமைதி வந்தபோதும் விரலை நிறுத்தவில்லை, அமைதியும் அந்த நாடாவில்தானே இருக்கிறது. கை மரத்துப்போகும்வரை சுற்றினார். கண்ணை உயர்த்தவே இல்லை. வெடிச்சத்தம் கேட்டபோதுதான் நிமிர்ந்தார்.

தம்புசாமியின் ஒரே வெடி. கொம்பு வைத்த நல்ல கிடா, நின்ற இடத்திலேயே விழுந்துவிட்டது.

பத்து மணிக்கெல்லாம் காப்பார் ரோட்டு வீட்டு வாசலில் வாழையிலை விரித்தாயிற்று. தெருக்காரர்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கூடிவிட்டார்கள். தம்புசாமி மறுபடி துண்டை வாயில் சுற்றிக்கொண்டு சுவரோரமாக நின்றார். பங்கு போடுவதில் இவர்களுக்கு ஒரு முறை உண்டு. துப்பாக்கி கொண்டு வந்தவருக்கு ஆளுக்கொரு பங்கு. வண்டிக்கு ஒரு பங்கு. ஈரலும் நெஞ்சும் தனி. அது மானைக் கூப்பிட்டவருக்கு. கூப்பாட்டுப் பங்கு என்று அதற்குப் பெயர். சுட்டவருக்குக்கூட அதில் ஒரு துண்டு கிடையாது. பதினாறு வருஷமாக அதைத் தம்புசாமியைத் தவிர யாரும் வாங்கியதில்லை.

வேலாயுதம் ஈரலைத் தனி இலையில் வைத்துவிட்டு முழித்தார். பிறகு சிரித்தார். "இத யாருக்குங்க கொடுக்கிறது? மெஷினுக்கா? அதுக்கு ஈரல் வேணாம், ஆறு பேட்டரி போதும்!"

எல்லாரும் சிரித்தார்கள். "குரல் தம்புசாமியின்ரைதானே. அவருக்கே குடுங்கோ" என்றார் கந்தையா.

தம்புசாமி சுவரை விட்டு முன்னால் வந்தார். துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோனது. கோணிய முகத்தை ஆறு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாகத் தெரு பார்த்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை. இலையை இரண்டு கையாலும் எடுத்தார்.

"அது என் சத்தந்தான்," என்றார். "எட்டு வருசத்துக்கு முன்னாடி ஊதினது. இன்னைக்குக் கூப்பிட்டது..."

அங்கே நின்றுவிட்டார். உதடு ஒட்ட வேண்டிய எழுத்து எதுவும் அவருக்குச் சரியாக வராது, பாதி காற்றாகத்தான் போகும். அதனால்தான் நோய் வந்த நாளிலிருந்து பெண்டாட்டியைப் பேர் சொல்லி ஒருமுறைகூட அவர் கூப்பிடவில்லை. வீட்டிலும் இல்லை. இப்போது இலையை இடது கைக்கு மாற்றி, வலது கையின் இரண்டு விரலால் தொங்கிய உதட்டைப் பிடித்து ஒட்டவைத்துக்கொண்டு, தெருவே பார்க்கச் சொன்னார்.

"புஷ்பவல்லி."

கொஞ்சம் காற்று ஒழுகியது. பேர் முழுசாக வந்துவிட்டது.

வேலாயுதம் தலையைக் குனிந்துகொண்டார். புஷ்பவல்லி முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து இலையை வாங்கினார். உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். எண்ணெய் காய்வதற்குள் ஒரு பாடு அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு வழக்கமான குரலில் வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"சாப்பிட எத்தன பேரு?"

கந்தையாவோ வேலாயுதமோ பதில் சொல்வார்கள் என்று நினைத்தார். தம்புசாமியின் குரல்தான் வந்தது. உதட்டைப் பிடிக்காமல், ஒழுகினால் ஒழுகட்டும் என்று விட்டு, லோரிக்காரனைக் கேட்டில் நிறுத்துகிற அதே சத்தத்தில் வந்தது.

"நாலு பேரு! மிச்சம் வச்சு நாளைக்கு எனக்கும் சோறு கட்டு. வேலைக்குப் போறேன்."